கூப்பிட்டது யார்?

எழுத்து சொல்லித்தரும் இணையப் பக்கம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247 பட்டன்கள், கட்டம் கட்டமாக. குழந்தை எதைத் தொடுகிறதோ அந்த எழுத்து திரையின் மேல்பாதியில் பெரிதாகத் தெரிய வேண்டும், அதன் ஒலி கேட்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஜாவாஸ்க்ரிப்ட் புதிதாகக் கற்றவர் இதை எப்படித் தொடங்குவார் என்று ஊகிப்பது கடினமில்லை. ‘அ’வுக்கு ஒரு ஃபங்ஷன் எழுதுவார். தொட்டுப் பார்ப்பார், ஒலிக்கும். அந்தச் சந்தோஷத்தில் அதையே காப்பி எடுத்து, உள்ளே ‘அ’ இருந்த இடங்களில் எல்லாம் ‘ஆ’ போட்டு இரண்டாவதை எழுதுவார். பிறகு ‘இ’. உயிரெழுத்து முடிவதற்குள்ளேயே கை சலித்துவிடும். ஞகர வரிசைக்கு வரும்போது எங்கோ ஒரு கட்டத்தில் மாற்ற மறந்திருப்பார். ‘ஞீ’யைத் தொட்டால் ‘ஞி’ ஒலிக்கும். எல்லாம் ஒருவழியாக முடிந்தபின், தொட்ட கட்டம் மஞ்சளாக மாறினால் நன்றாயிருக்குமே என்று யாராவது சொல்வார்கள். மறுபடி 247 இடங்களில் திருத்தம்.

ஒரே ஃபங்ஷனை எழுது, எல்லாப் பட்டனுக்கும் அதையே கொடு என்பது கற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே காதில் விழும் அறிவுரை. (வீட்டில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்தோ வளைகாப்போ, கணினியில் அது பெயர் வைத்துக் கட்டிய ஒரு சின்ன வேலைத்தொகுப்பு. பாடநூல்களில் செயற்கூறு, சார்பு என்றெல்லாம் பெயர் உண்டு. வேலை செய்யும் இடத்தில் பேச்சு வழக்கு ஃபங்ஷன்தான்.) அறிவுரை சரிதான், ஆனால் பாதிதான் சொல்கிறது. 247 பேருக்கும் பொதுவான ஒரு வேலையாள், மணி அடித்ததும் ஓடி வந்து முதலில் கேட்பது ‘கூப்பிட்டது யார்?’ என்றுதான். பதில் தெரியாவிட்டால் எந்த எழுத்தைக் காட்டுவது, எந்தக் கட்டத்தை மஞ்சளாக்குவது? காப்பி எடுத்து எழுதியபோது இந்தக் கேள்வி எழவே இல்லை; ஒவ்வொரு காப்பிக்குள்ளும் பதிலும் சேர்ந்தே கிடந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக்கியதும் கேள்வி முளைத்துவிட்டது.

இந்தக் கேள்விக்கு வலைப்பக்கங்களைவிட வயது அதிகம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டப்பட்ட எட்சாக் கணினி, 1949 மே 6 அன்று முதல் முறையாக ஓடியது. 0 முதல் 99 வரையான எண்களின் வர்க்கங்களை அச்சடித்துக் காட்டியது. பாதரசம் நிரப்பிய நீண்ட குழாய்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஒலித்துடிப்புகள்தான் அதன் நினைவகம். ஆரம்ப ஆண்டுகளில் 512 சொற்களுக்குத்தான் அதில் இடம். இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒரு கிலோபைட். இந்த அத்தியாயத்தின் முதல் இரண்டு பத்திகளை யூனிகோடில் சேமித்தால் அதில் அடங்காது.

கணினி கிடைத்துவிட்டது, இனிக் கணக்குகள் பறக்கும் என்று நினைத்தவர்களுக்கு உடனே ஓர் அதிர்ச்சி. ஏரி சார்பு எனப்படும் ஒரு கணக்கைப் போட வில்க்ஸ் எழுதிய நிரல் 126 வரி. அதில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தது, பழைய காகித நாடாவைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது வெளியானது. கணினி அறைக்கும் நாடாவில் துளையிடும் அறைக்கும் நடுவே மாடிப்படி ஏறி இறங்கிய நாட்களில்தான், தன் மீதி வாழ்நாளில் பெரும்பகுதி தன் நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது தனக்கு உறைத்ததாக வில்க்ஸ் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். நிரல் எழுதும் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு மாடிப்படியில் இது உறைக்கத்தான் செய்கிறது.

ஒருமுறை சரிபார்த்து முடித்ததை மறுபடி எழுதாமல் இருப்பதே பிழையைக் குறைக்கும் நேர்வழி. அந்த வேலை டேவிட் வீலர் என்ற இளம் ஆராய்ச்சி மாணவரிடம் போனது. வர்க்கமூலம், சைன், எண்களை அச்சடிப்பது என்று எல்லோருக்கும் தேவைப்படும் வேலைகள் ஒவ்வொன்றும் தனித்தனி நாடாத் துண்டாக ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கப்பட்டன. வேண்டியவர் எடுத்துத் தன் நாடாவில் நகல் பொறித்துக்கொண்டு, துண்டை எடுத்த இடத்தில் வைத்துவிட வேண்டும். 1951 வாக்கில் அந்த அலமாரியில் 87 துணைநிரல்கள் சேர்ந்திருந்தன. அதே ஆண்டு வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் எழுதி வெளியிட்ட புத்தகம், நிரல் எழுதுவது பற்றிய முதல் நூல்களில் ஒன்று.

அலமாரி அடுக்குவது சுலபம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒரே நிரலுக்குள் வர்க்கமூலம் பத்து இடங்களில் தேவைப்பட்டால் பத்து முறை அதை நகலெடுத்து ஒட்டலாம். இதற்குத் திறந்த துணைநிரல் என்று பெயர். ஒரு கிலோபைட் நினைவகத்தில் அது கட்டுபடியாகாது. நினைவகத்தில் ஒரே இடத்தில் வைத்துவிட்டுத் தேவைப்படும்போதெல்லாம் அங்கே போய்வரலாம். இது மூடிய துணைநிரல். ஆனால் எட்சாக்கில் ‘அங்கே போ’ என்ற கட்டளை இருந்ததே தவிர, ‘போய்விட்டு வா’ என்பது கிடையாது. பத்து இடங்களிலிருந்து ஆள் வரும் துணைநிரல், வேலை முடிந்ததும் எந்த இடத்துக்குத் திரும்புவது?

வீலர் கண்ட வழியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. துணைநிரலைக் கூப்பிடும் இடம் நினைவகத்தில் 100ஆம் அறை என்று வைத்துக்கொள்வோம். அந்த அறையில் ஒரு கூட்டல் கட்டளை: ‘100ஆம் அறையில் இருப்பதைக் கூட்டு’. அந்த அறையில் இருப்பதோ அதே கட்டளைதான்! எட்சாக்கில் கட்டளையும் எண்ணும் ஒரே வகை அறைகளில் ஒரே வடிவத்தில் இருப்பதால் இது சாத்தியமானது. கட்டளை தன்னையே நகலெடுத்துக் கையில் பிடித்துக்கொள்கிறது. அடுத்த கட்டளை துணைநிரலுக்குத் தாவுகிறது. அங்கே போய்ச் சேரும்போது கையில் இருக்கும் சீட்டிலேயே கூப்பிட்டவரின் விலாசம் எழுதியிருக்கிறது.

இனிதான் வேடிக்கை. கூட்டல் கட்டளைக்கான ஆங்கில எழுத்து ஏ. எட்சாக்கின் குறியீட்டில் அதன் எண் 28. துணைநிரல் வந்ததும் வராததுமாகக் கையில் இருப்பதோடு ஒரு நிலையான மதிப்பைக் கூட்டுகிறது. அதன் கட்டளைப் பகுதியில் யூ, அதாவது 7. முகவரிப் பகுதியில் 2. இருபத்தெட்டும் ஏழும் முப்பத்தைந்து. ஐந்து பிட்டுகளில் 31க்கு மேல் பிடிக்காதாகையால் 32 கழன்று விழுந்து மிச்சம் 3. அந்த 3 என்பது ஈ என்ற எழுத்தின் எண். ஈ தாவல் கட்டளை! முகவரியில் 100 என்பது 102 ஆகிறது. ‘100இல் இருப்பதைக் கூட்டு’ என்று வந்த சீட்டு, ஒரே ஒரு கூட்டலில் ‘102க்குத் தாவு’ என்று மாறிவிட்டது. துணைநிரல் அதைத் தன் கடைசி அறையில் எழுதிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறது. முடித்துக் கடைசி அறைக்கு வந்தால், அங்கே அது தானே எழுதிவைத்த வீடு திரும்பும் வழி. கணினித் துறையில் இதை ‘வீலர் ஜம்ப்’ என்பார்கள். இன்றைய சில்லுகளில் திரும்பும் விலாசத்தைக் காப்பதற்கென்றே கட்டளைகள் உண்டு. அதனால் இந்தக் கூட்டல் வித்தை தேவையற்றுப்போனது. அழகில் அதை மிஞ்ச அவற்றால் ஆகவில்லை.

வலைப்பக்கத்துக்கு வருவோம். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்தே நாட்களில் ஒரு மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். மோக்கா, லைவ்ஸ்க்ரிப்ட் என்று பெயர் மாறி மாறி அந்த டிசம்பரில் ஜாவாஸ்க்ரிப்ட் ஆனது. அவசரத்தின் கறைகள் அதில் நிறைய. ஆனாலும் ஐக் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை: ஸ்கீம் என்ற பழைய மொழியைப் பார்த்து, ஃபங்ஷனையும் எண்ணைப் போல, சொல்லைப் போல ஒரு மதிப்பாகவே வைத்தார். அதை ஒரு பெட்டியில் போட்டு வைக்கலாம், ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் கொடுக்கலாம், ஒரே ஃபங்ஷனை 247 பட்டன்களிடம் ஒப்படைக்கலாம். கூப்பிட்டவர் யார் என்பதைச் சொல்ல ‘திஸ்’ என்று ஒரு சொல்லும் உண்டு. பட்டன் அழுத்தப்பட்டு ஃபங்ஷன் ஓடும்போது ‘திஸ்’ அந்தப் பட்டனைக் காட்டும். வீலரின் சீட்டு திரும்பும் விலாசத்தைச் சொன்னது. இது யாருக்காக வேலை என்பதைச் சொல்கிறது. விஷயம் வேறு, தேவை ஒன்று.

இவ்வளவு வசதி இருந்தும் தொடக்கக்காரர்கள் இடறும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது ஐடி. ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரே உறுப்புக்குத்தான் இருக்க வேண்டும் என்பது எச்.டி.எம்.எல் விதி. ரேஷன் கார்டு எண் மாதிரி. பட்டனின் எச்.டி.எம்.எல் துண்டைக் காப்பி எடுத்து 247 முறை ஒட்டும்போது ஐடியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரௌசர் இதற்கெல்லாம் சண்டை போடாது. பக்கம் பார்வைக்குச் சரியாகவே வரும். ஐடியைச் சொல்லித் தேடினால் மட்டும் மேலிருந்து முதலில் அகப்படும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். முதல் பட்டன் ஒலிக்கும், மீதி 246 கல்லாய்ச் சமைந்திருக்கும். ‘முதலாவது மட்டும் வேலை செய்கிறது, மற்றவை செய்யவில்லை’ என்று யாராவது புலம்பினால், நிரலைப் பார்க்காமலே ஐடியைப் பார் என்று சொல்லிவிடலாம். ஒரே மாதிரிப் பலவற்றுக்குப் பொதுப்பெயராக இருக்கவே ‘கிளாஸ்’ என்ற வசதி இருக்கிறது.

இரண்டாவது இடறல் இன்னும் நுட்பமானது, அனுபவசாலிகளையும் கவிழ்த்திருக்கிறது. 247 பட்டன்களையும் வரிசையாக எடுத்து ஒவ்வொன்றிலும் ஃபங்ஷனைப் பொருத்த ஒரு லூப் எழுதுகிறார்கள். வரிசை எண்ணை வைத்திருக்க ஒரு வேரியபிள். 0 முதல் 246 வரை ஏறும். பொருத்தும் ஃபங்ஷனுக்குள் ‘பட்டியலில் இந்த எண்ணுள்ள எழுத்தைக் காட்டு’ என்று எழுதுகிறார்கள். ஓட்டிப் பார்த்தால் எந்தப் பட்டனைத் தொட்டாலும் எழுத்து வராது. ‘அன்டிஃபைன்ட்’ என்று வரும். அ, க, ன், ஃ எல்லாவற்றுக்கும் அதே ‘அன்டிஃபைன்ட்’.

நடந்தது இதுதான். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒவ்வோர் எண்ணாக எழுதி அழித்துக்கொண்டே மாணவர்களை வெளியே அனுப்புகிறார். ஒவ்வொருவரிடமும் ‘உன் எண் பலகையில் இருக்கிறது, தேவைப்படும்போது வந்து பார்த்துக்கொள்’ என்கிறார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மாலையில் எல்லோரும் திரும்பி வந்து பார்த்தால் பலகையில் 247 என்று நிற்கிறது. 246ஐத் தாண்டியதால்தானே லூப் நின்றது. பட்டியலில் அந்த எண்ணில் எழுத்தே இல்லை. லூப் ஓடி முடிவது கண்சிமிட்டும் நேரத்தில். குழந்தை பட்டனைத் தொடுவது அதற்கு வெகுநேரம் பிறகு. ஃபங்ஷன் எல்லாமே ஒரே பலகையைத்தான் பார்க்கின்றன. 2015இல் மொழிக்கு வந்த ‘லெட்’ என்ற அறிவிப்பு, லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புதுப் பலகை கொடுத்தது. இருபது ஆண்டுகள் அதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை, எண்ணைக் குறித்துக் கையில் கொடுப்பதற்காகவே ஃபங்ஷனுக்கு வெளியே இன்னொரு ஃபங்ஷனைச் சுற்றுவது வழக்கம். முதல் முறை பார்ப்பவருக்கு அது அடைப்புக்குறிகளின் கோலமாகத் தெரியும்.

சரி, 247 பட்டன்களிலும் பொருத்தத்தான் வேண்டுமா? அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு காவலாளி வைப்பதில்லை. வாசலில் ஒருவர் போதும். இந்த யோசனைக்கு அடிப்படையான வசதி, 1997இல் நடந்த பிரௌசர் போட்டியின் நடுவே பிறந்தது. ஒரு பட்டனைத் தொட்டால் அது இருக்கும் அட்டவணையையும் தொட்டதாகத்தானே அர்த்தம்? செய்தி யாருக்கு முதலில் போக வேண்டும்? நெட்ஸ்கேப் 4, மேலேயிருந்து கீழே என்றது: பக்கம், அட்டவணை, கடைசியில் பட்டன். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, நேர் எதிராக, பட்டனில் தொடங்கித் தண்ணீரில் குமிழி எழுவதுபோல மேலே மேலே என்றது. தரநிலை வகுக்கும் டபிள்யூ3சி 2000 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது: முதலில் மேலிருந்து கீழ், பிறகு கீழிருந்து மேல், இரண்டும் நடக்கட்டும். பஞ்சாயத்தில் இரு தரப்பையும் மனம் கோணாமல் அனுப்பிவைக்கும் தீர்ப்பு. ஆனாலும் நல்ல தீர்ப்பு.

இந்தச் சமரசத்தால், அட்டவணைக்கு ஒரே ஒரு லிசனர், அதாவது செய்தி வந்ததும் ஃபங்ஷனை ஓட்டும் காவலாளி, வைத்தால் போதும். எந்த எழுத்தைத் தொட்டாலும் செய்தி குமிழியாக எழும்பி அங்கே வந்து சேரும். கூப்பிட்டது யார்? செய்தியோடு வரும் ‘டார்கெட்’ என்ற குறிப்பில் இருக்கும். அதில் ஒரு சின்னச் சூதானம் தேவை: பட்டனுக்குள் ஒலிபெருக்கிப் படம் ஒன்று இருந்து, குழந்தையின் விரல் அதன்மேல் பட்டால், டார்கெட் அந்தப் படத்தைத்தான் காட்டும். அங்கிருந்து மேலேறித் தன்னை உள்ளடக்கிய பட்டனைத் தேடிப் பிடிக்க ‘க்ளோசஸ்ட்’ என்று ஒரு கருவி இருக்கிறது. இன்னொன்று, எல்லாச் செய்தியும் குமிழியாவதில்லை. உள்ளீட்டுப் பெட்டிக்குள் கர்சர் வந்து நிற்கும்போது எழும் ‘ஃபோகஸ்’ செய்தி மேலே ஏறாது. அதற்கு ‘ஃபோகஸ்இன்’ என்று தனி ஏற்பாடு.

மைக்ரோசாஃப்ட் பிரௌசர் இந்தத் தரநிலையை ஏற்றுக்கொள்ள 2011 வரை, ஒன்பதாம் பதிப்பு வரை, ஆனது. அதுவரை அதன் சொந்த முறையில் ஃபங்ஷனைப் பொருத்தினால் ‘திஸ்’ பட்டனைக் காட்டாது. மொத்த ஜன்னலையும் காட்டும். ‘யார் கூப்பிட்டது’ என்று கேட்டால் ‘தெருவிலிருந்து யாரோ’ என்பதுபோல. ஜான் ரெசிக் 2006இல் வெளியிட்ட ஜெக்வெரி என்ற நிரல்தொகுப்பு அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த மாதிரி வேறுபாடுகளை அது மூடி மறைத்ததும் ஒரு காரணம். ஃபேஸ்புக்கிலிருந்து வந்த ரியாக்ட் என்ற தொகுப்பும் திரைமறைவில் இதே வாசல் காவலாளி உத்தியைத்தான் நம்பியது: பட்டன் ஒவ்வொன்றிலும் நிரலர் ஃபங்ஷனை எழுதினாலும், உண்மையான லிசனர் பக்கத்தின் உச்சியில் இருந்தது. ஒரே பக்கத்தில் இரண்டு ரியாக்ட் செயலிகள் குடியிருக்கும்போது தகராறு வந்ததால், 2020இல் வந்த 17ஆம் பதிப்பில் காவலாளியைத் தெருமுனையிலிருந்து அந்தந்தக் குடியிருப்பின் வாசலுக்கு மாற்றினார்கள்.

எழுத்துப் பக்கத்தில் இன்னொரு மிச்சப்படுத்தலும் இருக்கிறது. 216 உயிர்மெய்களையும் யாரும் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். யூனிகோடில் ‘கி’ என்பது தனி எழுத்தாக இல்லை; ‘க’வும் இகரக் குறியும் அடுத்தடுத்து. 18 மெய்களை வெளி லூப்பிலும் உயிர்க்குறிகளை உள் லூப்பிலும் வைத்தால் சில வரிகளில் மொத்த வரிசையும் வந்துவிடும். ஒரே குறி பதினெட்டு எழுத்துக்கும் உழைக்கிறது. ஆனால் அச்சிலும் எழுத்திலும் இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆகாரத்துக்குப் பொதுவாகக் கால் போட்டாலும் ணா, றா, னா மூன்றுக்கும் தனிச் சுழி வடிவம். அதன் தொடர்ச்சியாக ணொ, ணோ வகை ஆறு எழுத்துகளுக்கும் அப்படியே. ஐகாரத்தில் ணை, லை, ளை, னை நான்குக்கும் துதிக்கை வைத்த வடிவம். ஆக 13 விதிவிலக்குகள். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் இவற்றைப் பொதுக் குறிகளுக்கு மாற்றினார். தமிழ்நாடு அரசு 1978இல் ஆணை பிறப்பித்து ஏற்றது. நிரலரின் கண்ணில் பார்த்தால், ‘இந்த எழுத்தாக இருந்தால் மட்டும் இப்படிச் செய்’ என்ற 13 வரிகளை நீக்கிய திருத்தம் அது. உகர, ஊகார வரிசைகள் மட்டும் தப்பித்துவிட்டன. கு, சு, டு, து ஒவ்வொன்றும் இன்றும் ஒவ்வொரு தினுசு. அவற்றின் பாரத்தை எழுத்துருக்கள் தலையில் சுமக்கின்றன.

பக்கம் வெளியான பிறகு யாரோ கிரந்த எழுத்தும் வேண்டும் என்கிறார்கள். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ: ஐந்து மெய், அறுபது உயிர்மெய். மெய்ப் பட்டியலில் ஐந்தைச் சேர்த்ததும் லூப் 65 பட்டன்களைக் கூடுதலாகத் தருகிறது. லிசனரில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. ‘ஜூ’வைத் தொட்டால் ஒலிக்கிறது. மிச்சம் இருப்பது ஸ்ரீ. அது எந்த வரிசையிலும் சேராது, கையால்தான் வைக்க வேண்டும். வைத்தாகிவிட்டது. தொட்டால் ஒலிக்கவில்லை. ஃபங்ஷனை மேலும் கீழும் படிக்கிறார்கள், டார்கெட் சரியாக வருகிறது, ஒலிக்கோப்பும் இருக்கிறது. கடைசியில் பார்த்தால், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ என்ற எழுத்தை வைத்தும் ஸ்ரீயை எழுதலாம், பழைய ‘ஸ’வை வைத்தும் எழுதலாம், பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றேதான். பட்டனில் இருந்தது ஒன்று, ஒலிப் பட்டியலில் இருந்தது மற்றொன்று.